எச்சரிக்கை யாருக்காக?

வீட்டுக்கு வாங்கிவரும் பண்டங்களில் எச்சரிக்கை இல்லாத பண்டம் இன்று அரிதாகிவிட்டது. கொசு விரட்டும் மருந்துச் சீசாவில் ஒரு வர்ண முக்கோணம் இருக்கிறது. விளக்கேற்றும் எண்ணெய்ப் புட்டியில் கட்டத்துக்குள் ஒரு பெருக்கற்குறி காணப்படுகிறது. புதுச் செருப்புப் பெட்டியைத் திறந்தால், 'தின்னாதே' என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட சிறு பொட்டலம் ஒன்று உள்ளே கிடக்கிறது. சட்டைக் கழுத்தின் உட்புறத்திலோ தொட்டி, முக்கோணம், வட்டம் என்று வரிசையாகச் சில சித்திரங்கள். இவற்றை அச்சிட்டவர் தம் கடமை தீர்ந்ததென்று எண்ணுகிறார். வாங்குகிறவர் அவற்றைப் பார்த்தும் பாராதவராய்ச் சீசாவைத் திறக்கிறார். இருவருக்கும் இடையில் அந்த எச்சரிக்கை எங்கே போயிற்று என்பதை நம் அங்கத்தினர்கள் சற்றே சிந்திக்க வேண்டுமென விரும்புகிறோம். நெசவாளரும் விவசாயியுமாகிய நாம் இப்பண்டங்களை வாங்குகிறவர்கள் மட்டும் அல்லர். சங்கப் பண்டகசாலையின் வாயிலாக அவற்றில் பலவற்றை விற்கிறவர்களும், நாம் நெய்த துணியில் சீட்டு ஒட்டி வெளியூருக்கு அனுப்புகிறவர்களும் ஆவோம்.

விளக்கெண்ணெயை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆமணக்கெண்ணெயைச் சொல்லவில்லை, 'தீப எண்ணெய்' என்னும் பெயரில் கடைகளில் அடுக்கியிருக்கும் கலப்பெண்ணெயைச் சொல்லுகிறோம். அது நல்லெண்ணெய்க்குப் பக்கத்துத் தட்டிலேயே, ஏறக்குறைய அதே நிறத்தில், அதே உருவமுள்ள புட்டியில் நிற்கிறது. விலையும் குறைவு. புட்டியின் முகப்பில் குத்துவிளக்கின் படமும் தெய்வத்தின் திருவுருவமும் விளங்குகின்றன. பின்புறத்தில், சிறு எழுத்தில், 'மனிதர் உண்பதற்கன்று' என்ற வாசகம் ஆங்கிலத்தில் இருக்கும். 2020-ஆம் ஆண்டின் உணவுப் பண்டச் சீட்டு விதிமுறைகளின்படி, பூஜைக்கான நெய், எண்ணெய் போன்ற உண்ணத்தகாத பண்டங்களின் மீது கறுப்புக் கோட்டுச் சதுரத்துக்குள் கறுப்புப் பெருக்கற்குறி ஒன்று இருக்கவேண்டும். நல்ல விதிதான். ஆனால் அக்குறியின் பொருளை நமக்கு யார் கற்பித்தார்கள்? பள்ளிப்பிள்ளை அதைக் கண்டால் தவறான கணக்குக்கு ஆசிரியர் இட்ட குறி என்பான். மூதாட்டி ஒருத்தி கண்டால் பெட்டியின் ஓரத்தில் அச்சகத்தார் போட்ட அடையாளம் என்று விட்டுவிடுவாள்.

காரணம் சொல்லாத குறையும் இதில் உண்டு. உணவெண்ணெய்க்கு விதித்துள்ள தூய்மை அளவுகள் விளக்கேற்றும் எண்ணெய்க்குப் பொருந்தா. அதில் எந்த எண்ணெய் எவ்வளவு, என்ன மணப்பொருள், என்ன வர்ணம் என்பதை உண்பவரின் நலம் கருதி எவரும் சோதிப்பதில்லை. அடுப்புக்கு உரியதல்லாத எண்ணெய் அடுப்பேறினால் என்ன ஆகும் என்பதை ஸ்பெயின் தேசம் 1981-ஆம் ஆண்டில் கண்டது. தொழிற்சாலை உபயோகத்துக்கென்று அனிலின் என்னும் ரசாயனம் சேர்த்து இறக்குமதியான எண்ணெயை, வியாபாரிகள் சிலர் சுத்திசெய்து உணவெண்ணெயாக விற்றனர். 20,000 பேருக்கு மேல் நோயுற்றனர். 300 பேருக்கு மேல் மாண்டனர். அங்கே வாங்கியவர்களுக்கு எச்சரிக்கையே கிடைக்கவில்லை. இங்கே கிடைக்கிறது, புரியவில்லை. சமையற்கட்டில் நிற்கும் பெண்மணிக்கு இவ்விரண்டிற்கும் வித்தியாசம் மிகச் சிறிதே எனக் கருதுகிறோம்.

விவசாய அங்கத்தினர்களுக்கு நெருக்கமான விஷயம் பூச்சிமருந்துச் சீட்டு. கொல்லைக்கு வாங்கிய மருந்து பரணிலும் குதிருக்குப் பின்னாலும் இருக்கிறவரையில் அதுவும் வீட்டுப் பண்டமே. கரப்பான், எறும்பு, கொசு இவற்றுக்கான மருந்துகளும் அதே சட்டத்துக்கு உட்பட்டவை. அச்சட்டம் தோன்றிய வரலாறு நாம் மறக்கத்தகாதது. 1958-ஆம் ஆண்டில் கோதுமை மாவும் பாரத்தியான் என்னும் கொடிய பூச்சிமருந்தும் ஒரே கப்பலில் கேரளத்துக்கு வந்தன. மருந்து கசிந்து மாவில் கலந்தது. அம்மாவில் செய்த பண்டங்களை உண்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் நடந்த விசாரணைகளின் பயனாக 1968-இல் பூச்சிமருந்துச் சட்டமும், 1971-இல் அதற்கான விதிகளும் பிறந்தன. சீட்டில் உள்ள வர்ண முக்கோணம் இவ்விதிகள் இட்டதே.

சாய்த்து நிறுத்திய ஒரு சதுரத்தை இரு முக்கோணங்களாகப் பிரித்திருக்கிறார்கள். கீழ்ப் பாதியில் வர்ணம், மேற்பாதியில் சொல். சோதனைப் பிராணிகளில் பாதியைக் கொல்லுவதற்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் மருந்து உள்ளே போகவேண்டும் என்பதே வர்ணத்தை நிர்ணயிக்கும் கணக்கு. 50 மில்லிகிராமுக்குள் கொன்றால் சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள். 501 முதல் 5,000 வரை நீலம். அதற்கும் மேல் வேண்டியிருந்தால் பச்சை. சிவப்பில் மண்டையோடும் குறுக்கெலும்புகளும் 'விஷம்' என்ற சொல்லும் இருக்கும். மஞ்சளில் 'விஷம்' என்ற சொல் உண்டு, மண்டையோடு இல்லை. நீலத்தில் 'அபாயம்'. பச்சையில் 'ஜாக்கிரதை'.

ஆராய்ந்து வகுத்த ஏற்பாடுதான். எனினும் நம் வீடுகளில் இந்த வர்ணங்கள் முன்னமே வேறொரு பாஷை பேசிக்கொண்டிருக்கின்றன என்பதை வகுத்தவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. மஞ்சள் நமக்கு மங்கலம். முகத்துக்குப் பூசுவதும் தாலிச்சரடுக்குத் தடவுவதும் அதுவே. நீலம் வேட்டிக்குப் போடுவது. பச்சை பயிரின் நிறம். போதாக்குறைக்கு, உணவுப் பொட்டலங்களில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் சைவ உணவென்று பொருள். பிஸ்கோத்துப் பொட்டலத்தில் பச்சையைத் தேடிப் பழகிய கண், மருந்துச் சீசாவிலும் பச்சையைக் கண்டு 'இது கெடுதலில்லாதது' என்று முடிவு செய்தால் அந்தக் கண்ணைக் குற்றம் சொல்லுவது எங்ஙனம்? பச்சை முக்கோணம் 'தீங்கற்றது' என்று சொல்லவில்லை. 'நான்கில் விஷம் குறைந்தது' என்றே சொல்லுகிறது. எழுத்தறியாத ஒருவர் மண்டையோடு இல்லாத மஞ்சள் சீட்டைக் கண்டால், விஷம் என்று அவருக்கு அறிவிப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. முக்கோணத்தின் கணக்கு ஒரே தடவையில் உட்செல்லும் விஷத்தைப் பற்றியது. பருவந்தோறும் கைத்தெளிப்பானை முதுகில் சுமந்து பத்தாண்டு தெளிக்கிறவரின் உடலைப் பற்றி அவ்வர்ணம் யாதொன்றும் உரைப்பதில்லை. உள்ளே மடித்து வைக்கும் துண்டுப் பிரசுரம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் விற்பனையாகும் பிரதேசத்தின் மொழிகளிலும் இருக்கவேண்டுமென்பது விதி. இருக்கத்தான் இருக்கிறது. பல மொழிகளையும் ஒரே தாளில் அடக்கியதால், தமிழ் எறும்பு ஊர்ந்ததுபோல் தெரிகிறது. கண்ணாடி அணிந்தவரும் வெயிலில் பிடித்துத்தான் படிக்கவேண்டும். அங்கத்தினர்கள் தாளை எறிந்துவிட்டு மருந்துக்கடைக்காரர் வாய்மொழியாகச் சொன்ன அளவையே கலக்குகிறார்கள். கடைக்காரரின் நோக்கம் எப்போதும் குறைவாகக் கலக்கச் சொல்லுவதாய் இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

நெசவாளர் நன்கு அறிந்த ஒரு பண்டத்துக்கு வருவோம். நூலை வெளுப்பதற்கு உதவும் பிளீச்சிங் பவுடரும், அதன் இனத்தைச் சேர்ந்த வெளுப்புத் திரவமும் இன்று எல்லார் வீட்டிலும் உள்ளன. கழிப்பறை கழுவும் ஆசிட்டும் உடன் இருக்கிறது. இரண்டின் சீட்டிலும் 'வேறு எதனுடனும் கலக்காதீர்' என்று இருக்கும். ஏன் கலக்கலாகாது? சீட்டு சொல்லுவதில்லை. காரணம் அறியாத பெண்மணி, 'ஒன்று அழுக்கைப் போக்கும், மற்றொன்றும் அழுக்கைப் போக்கும். இரண்டும் சேர்ந்தால் நன்றாய்ப் போகும்' என்று நினைப்பது பகுத்தறிவுக்கு முரணானதன்று. உண்மையிலோ அவை சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்புகிறது. 1915-ஆம் ஆண்டு ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் நகரருகே ஜெர்மானியப் படை எதிரிகளின் மேல் ஏவிய வாயு அதுவே. கதவடைத்த சிறு குளியலறையில் அது கிளம்பினால் நுரையீரலுக்கு நேரும் கதியை விவரிக்க வேண்டியதில்லை. 'கலந்தால் மூச்சை அடைக்கும் விஷவாயு உண்டாகும்' என்ற ஐந்து சொற்கள் போதும். அந்த ஐந்து சொற்களுக்கு இடமில்லாத சீட்டில் மல்லிகைப் பூவின் படத்துக்கு இடமிருக்கிறது.

விழுங்கிவிட்டால் என்ன செய்வதென்பதும் இப்படியே. விஷம் என்றவுடன் உப்புக் கரைசலும் சோப்புத் தண்ணீரும் புகட்டி வாந்தியெடுக்கச் செய்வது நம் கிராமங்களின் வழக்கம். ஆசிட்டையோ மண்ணெண்ணெயையோ குடித்த குழந்தைக்கு அதைச் செய்வது கேட்டின்மேல் கேடு. ஆசிட் மேலேறும்போது தொண்டையை மறுபடியும் புண்ணாக்கும். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் புகும். வாந்தியெடுக்க வைக்காமல், சீசாவையும் உடன் எடுத்துக்கொண்டு, 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போவதே செய்யத்தக்கது. சீசாவில் மருந்தின் பெயர் இருந்தால் வைத்தியருக்கு அரை வேலை முடிந்தது. ஆகவேதான் குளிர்பானச் சீசாவில் மருந்தை ஊற்றி வைக்கும் பழக்கத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். புரியாத எச்சரிக்கைகூட அங்கே இல்லாமற் போகிறது. அதற்குப் பதிலாகக் குழந்தைக்கு நன்கு தெரிந்த ஓர் இனிப்பின் உருவம் வந்து நிற்கிறது.

பட்டுப்புடவைப் பெட்டியில் போடும் அந்துருண்டை விஷயம் வேறு. அது வெள்ளை வெளேரென்று கற்பூரத்தையும் மிட்டாயையும் ஒத்திருக்கிறது. பல கடைகளில் நிறுத்து உதிரியாகவே விற்கிறார்கள், சீட்டுக்கே இடமில்லை. பொட்டலமாக வரும்போது 'குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்' என்ற வழக்கமான வாசகம் இருக்கும். குழந்தை விழுங்கிவிடும் என்பதற்காக மட்டும் அவ்வாறு சொல்லுவதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் சிலருக்குப் பிறவியிலேயே ரத்தத்தின் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி குறைவாக இருக்கும். அத்தகைய சிசுவுக்கு, அந்துருண்டை போட்டுப் பெட்டியில் வைத்த துணியை எடுத்த கையோடு போர்த்தினால், அதன் ஆவியே சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள்காமாலையை உண்டாக்கக் கூடும். தாத்தாவின் பழைய வேட்டியில் சிசுவைக் கிடத்தும் வழக்கமுள்ள நாட்டில், 'துவைத்து வெயிலில் உலர்த்திய பின்பே குழந்தைக்கு உபயோகிக்கவும்' என்ற வரியல்லவோ அச்சேறியிருக்கவேண்டும்?

இதற்கு நேர்மாறாக, அஞ்சவேண்டாத இடத்தில் அச்சுறுத்தும் சீட்டுகளும் உண்டு. செருப்புப் பெட்டியிலும் மருந்துப் புட்டியிலும் இருக்கும் 'தின்னாதே' பொட்டலம் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல். மணலுக்கு நெருங்கிய உறவு. சாதாரண வெள்ளை வகை விஷமன்று. குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்பதே முக்கியமான பயம். கோபால்ட் சேர்த்த நீல வகையே கெடுதலானது. இவ்விரண்டுக்கும் எச்சரிக்கை ஒன்றுபோலவே இருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா ராஜ்யத்தில் இப்போக்கு எல்லை கடந்தது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களைப் பற்றி மக்களுக்கு அறிவிக்கவேண்டுமென்று 1986-இல் வாக்கெடுப்பின் மூலம் அங்கே ஒரு சட்டம் வந்தது. நாளடைவில் ஓட்டல், மரச்சாமான், வாகனம் நிறுத்துமிடம் ஆகிய எங்கும் எச்சரிக்கைப் பலகைகள் தொங்கின. காப்பிக்கொட்டையை வறுக்கும்போது அக்ரிலமைடு என்ற பொருள் சிறிதளவு உண்டாவதால், காப்பிக்கும் எச்சரிக்கை வேண்டுமென்று 2018-இல் நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். 2019-இல் அரசாங்கமே விதி செய்து காப்பியை விலக்கிற்று. காலைக் காப்பிக்கும் ஆலை விஷத்துக்கும் ஒரே பலகை என்றால் மக்கள் இரண்டையும் படியாமல் விடுவார்கள். வழக்கிலிருந்து தப்பவேண்டி வியாபாரி தொங்கவிட்ட பலகை, அவனைத்தான் காத்தது.

'இவையெல்லாம் உற்பத்தியாளரும் அரசாங்கமும் பார்க்கவேண்டியவை, சங்கம் என்ன செய்யமுடியும்?' என்று அங்கத்தினர் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. பொட்டலப் பண்டங்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகள், கட்டாயமான அறிவிப்புகள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதுமென்கின்றன. பிறமொழியைத் தடுக்கவில்லை, வற்புறுத்தவும் இல்லை. ஆதலின் தமிழ்நாட்டில் விற்கும் சீசாவில் தமிழில்லை என்று வழக்காடுவது எளிதன்று. அதற்காக விதி மாறும்வரை காத்திருப்பதா? நம் பண்டகசாலையில் விற்கும் தீப எண்ணெயின் மேல் 'விளக்குக்கு மட்டும். சமைக்கலாகாது' என்று கைவிரல் பருமன் எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டுவதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. அதை உணவெண்ணெய்த் தட்டிலிருந்து எடுத்து ஊதுபத்திக்குப் பக்கத்தில் வைப்பதற்குச் செலவே இல்லை. பூச்சிமருந்துப் பகுதியில் நான்கு வர்ணங்களின் பொருளைத் தமிழில் எழுதிய பலகையொன்று மாட்டலாம். உதிரி அந்துருண்டையையும், பெயரில்லாச் சீசாவில் வரும் ஆசிட்டையும் சங்கம் விற்பதில்லை என்று நிர்வாகக் குழு தீர்மானிக்கலாம். சிறிது லாபம் குறையும், குறையட்டும்.

நெசவாளர் பகுதிக்கு இதில் தனிப் பொறுப்பு இருக்கிறது. ஏனெனில் எச்சரிக்கை எழுதுகிறவர்கள் அங்கே நாமே. ஆடைகளில் தைக்கும் சலவைச் சித்திரங்களை உலகெங்கும் பொதுவாக வகுத்திருக்கிறார்கள். தண்ணீர்த்தொட்டி சலவையைக் குறிக்கும். அதனுள் 40 என்றிருந்தால் 40 பாகை வெப்பத்துக்கு மேற்படாத நீர். தொட்டிக்குள் கை இருந்தால் கையால் அலசவேண்டும். இஸ்திரிப்பெட்டிக்குள் ஒரு புள்ளி குறைந்த வெப்பம், இரண்டு நடுத்தரம், மூன்று மிகுதி. வெறும் வட்டம் உலர்சலவைக்காரருக்குரிய குறி. முக்கோணம் வெளுப்பு மருந்தைக் குறிக்கும். அதன்மேல் பெருக்கற்குறி விழுந்தால் வெளுக்கக் கூடாது. பூச்சிமருந்தில் முக்கோணம் விஷம், துணியில் முக்கோணம் வெளுப்பு! ஏற்றுமதிக்கு இச்சித்திரங்கள் வேண்டியவையே. உள்ளூர்ச் சந்தைக்குச் செல்லும் துண்டிலும் புடவையிலும் இவற்றை மட்டும் தைத்து அனுப்புவது பயனற்றது. வாங்குகிறவர் சித்திரத்தைப் பார்த்து, அது கம்பெனி முத்திரை என்று எண்ணிக்கொள்வார்.

சீட்டில் ஒரு வரி குறைந்ததால் நம் கைத்தறிக்கு நேர்ந்த சோதனையை நெசவாளர் யாவரும் அறிந்திருத்தல் நலம். சென்னைப் பக்கத்துக் கட்டம்போட்ட துணி, 'மதராஸ்' என்ற பெயரிலேயே அயல்நாடுகளில் புகழ் பெற்றது. 1958-ஆம் ஆண்டில் வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க வியாபாரி, பின்னாளில் லீலா ஓட்டல்களை நிறுவிய கிருஷ்ணன் நாயரிடமிருந்து இத்துணியை வாங்கி, புரூக்ஸ் பிரதர்ஸ் என்னும் பிரசித்திபெற்ற ஆடை நிறுவனத்துக்கு விற்றார். தாவரச் சாயம் ஏற்றிய துணியாதலால், குளிர்ந்த நீரில் மெதுவாக அலசவேண்டும் என்று நாயர் சொல்லியிருந்தார். அந்தச் சொல் உடுத்துகிறவர் வரையில் போய்ச் சேரவில்லை. அவர்கள் மற்ற உடுப்புகளோடு சேர்த்துச் சலவை இயந்திரத்தில் போட்டார்கள், சாயம் ஓடிற்று, புகார்கள் குவிந்தன. வழக்குவரை போகும்போலிருந்த விஷயம் முடிவில் வேறுவிதமாகத் திரும்பியது. 'சாயம் போகும் என்பதற்கு நாங்கள் உத்தரவாதம்' என்ற விளம்பரத்தோடு துணி மறுபடியும் சந்தைக்கு வந்தது. துவைக்கத் துவைக்க வர்ணங்கள் ஒன்றோடொன்று கலந்து புதுச்சாயல் பெறும் துணி என்று வாங்குகிறவர்கள் தெரிந்தே வாங்கினார்கள். சாயம் முன்போலவே போயிற்று, புகார் எழவில்லை. தறியில் எதுவும் மாறவில்லை. சொன்ன முறை ஒன்றே மாறியது.

நம் சங்கத்துப் புடவையோடு இன்று செல்லும் சீட்டில் 'உலர்சலவை மட்டும்' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. உலர்சலவைக் கடை இல்லாத ஊர்களே தமிழ்நாட்டில் மிகுதி. செய்யமுடியாத ஒன்றைச் சொல்லும் எச்சரிக்கையால், கெட்டுப்போனால் பொறுப்பு நம்முடையதன்று என்பது ஏற்படுமேயன்றிப் புடவை கெடாமல் இருப்பதில்லை. நிர்வாகக் குழு வரும் பொதுக்குழுக் கூட்டத்தில் புதுச் சீட்டின் மாதிரியை அங்கத்தினர் முன் வைக்கவேண்டுமெனக் கேட்டுக்கொள்ளுகிறோம். வாசகத்தைச் சாயப்பட்டறை அங்கத்தினர்களைக் கலந்தே எழுதவேண்டும். எந்தச் சாயம் எத்தனை அலசலுக்கு ஓடும் என்பதை அறிந்தவர்கள் அவர்களே. பருத்திப் புடவைக்கு நாம் எழுதிப் பார்த்த மாதிரி இது: 'முதல் மூன்று முறை தனியே, குளிர்ந்த நீரில், சோப்பின்றி அலசுங்கள். சிறிது சாயம் போகும். பிளீச்சிங் பவுடர் பட்டால் நிறம் வெளுத்துத் திட்டாகிவிடும். நிழலில் உலர்த்துங்கள்.' இதைவிடச் சுருக்கமாக எழுத வல்லவர்கள் அங்கத்தினரிடையே இருந்தால், கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னதாகக் காரியாலயத்தில் எழுதிக் கொடுக்கலாம்.